அம்பாசிடருக்கு அலுமினிய ரேடியேட்டர்

ஒரு பழைய அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கினால் உள்ளே பளபளவென்று அலுமினிய ரேடியேட்டர். இதைப் பார்த்ததும் பழைய கார் ஆர்வலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஒரிஜினலைக் கெடுத்துட்டியேப்பா" என்பது ஒரு கட்சி. "இனிமே ஹீட்டே ஆகாது பாரு" என்பது இன்னொன்று. கொஞ்ச நாளாக இந்த விஷயத்தைத் துருவிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கட்சியும் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. காரணம் சொல்ல வேண்டுமென்றால் 1888-க்குப் போகவேண்டும்.

அந்த வருடம் ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் காரை ஓட்டிப் போனார். வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியதை எல்லோரும் 'உலகின் முதல் பெட்ரோல் பங்க்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகத் தெரிவது தண்ணீர்க் கதை. அந்த வண்டியில் ரேடியேட்டர் என்று ஒன்று கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், சூடாகும், கொதிக்கும், ஆவியாகிப் போகும். போனதற்கு ஈடாகக் கிணற்றிலோ ஓடையிலோ மொண்டு ஊற்றிக்கொண்டே போகவேண்டும். குளிர்விப்பது என்றால் அன்றைக்குத் தண்ணீரைச் செலவழிப்பது என்றுதான் பொருள்.

தண்ணீரைச் செலவழிக்காமல் சூட்டை மட்டும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி? இதற்கு உருப்படியான விடை தந்தவர் டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மைபாக். எமில் யெல்லினெக் கேட்டுக்கொண்டதற்காக அவர் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ், 1901 மார்ச்சில் நீஸ் நகரப் போட்டிகளில் மற்ற கார்களையெல்லாம் ஒரே வாரத்தில் பழசாக்கியது. அதன் முகப்பில் இருந்தது தேன்கூடு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் அளவில் 8,070 சதுரக் குழாய்களை அடுக்கி, ஒன்றோடொன்று ஈயம் வைத்துப் பற்றவைத்தது. குழாய்க்குள் காற்று, குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் தண்ணீர். மொத்த வண்டிக்கும் 9 லிட்டர் தண்ணீர் போதும் என்றாகிவிட்டது.

இந்தக் காரில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் மைபாக் ஒரு விசிறி வைத்தார். வண்டி வேகமாகப் போகும்போது காற்று தானாக வருகிறது. மெதுவாகப் போனால்? யார் இழுப்பது? தண்ணீர், உலோகம், காற்று என்று மூன்றையும் சேர்த்தே அவர் யோசித்திருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்பாசிடருக்கு வரும்போது இதுதான் வேலைக்கு ஆகும்.

நடுவில் இருக்கும் ஐம்பது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் முதல் 2,500 கார்களுக்குப் பக்கம்தான் வாட்டர் பம்ப் இருந்தது. அதற்குப் பிறகு பம்ப்பைத் தூக்கிவிட்டார்கள். சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே போதும் என்று விட்டுவிட்டார்கள். நம் மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டர் இன்றும் வேலை செய்வது இந்த முறையில்தான். இன்ஜின் சக்தி கூடக்கூட அது போதாமல் பம்ப் திரும்பி வந்தது. அடுத்து தெர்மோஸ்டாட். அதற்கடுத்து அழுத்த மூடி: தண்ணீரை அழுத்தத்தில் வைத்தால் ஒவ்வொரு பி.எஸ்.ஐ-க்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும். விமானக்காரர்களும் இதே பாதையில்தான் வந்தார்கள். ஸ்பிட்ஃபயரின் ஆரம்பகால மெர்லின் இன்ஜின்கள் முழுக்க கிளைக்காலில் ஓடின. பிறகு தண்ணீரும் கிளைக்காலும் கலந்து அழுத்தத்தில் வைக்கும் முறைக்கு மாறினார்கள்.

இதற்கிடையே 1930-களில் ரேடியேட்டர் காரின் முகமாக இருப்பதை விட்டுவிட்டு கிரில்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. 'ஒரிஜினல்' பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸிலோ மாடல் டி-யிலோ ரேடியேட்டரை மாற்றினால் முகத்தையே மாற்றுகிறீர்கள். அங்கே பழைய கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கோரை மட்டும் புதிதாகக் கட்டுவதுதான் நாகரிகம். அம்பாசிடரில் அந்தப் பிரச்சினை இல்லை. கிரில்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது.

அம்பாசிடர் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956-இல் பிரிட்டனில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் அம்பாசிடர் ஆனது. 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. நீண்ட காலம் அதன் இதயமாக இருந்தது பி.எம்.சி-யின் 1,489 சிசி பி-சீரிஸ் இன்ஜின். 1990-களில் கம்பெனியே அதே உடம்புக்குள் இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜினை வைத்தது. தயாரித்தவர்களே இதயமாற்று சிகிச்சை செய்த காருக்கு, ரேடியேட்டர் மாற்றினால் புனிதம் கெட்டுவிடும் என்று வாதாடுவது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆனால் ஒன்று. அந்தக் கார் பிரிட்டனின் குளிருக்கும், அந்தக் காலத்து ரோட்டுக்கும் கணக்குப் போட்டுச் செய்தது. காலியான சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது கணக்கு. ஃபேன் வாட்டர் பம்ப்பின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும். சிக்னலில் நின்று ஐடிலில் ஓடினால் அதுவும் தூங்கும். காற்று மிக அதிகம் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. 40 டிகிரி வெயிலில் பத்து நிமிடம் டிராஃபிக்கில் நிற்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

சேலத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய அப்பா 1970-களின் தொடக்கத்தில் வாங்கிய மார்க் 2 அம்பாசிடரை இன்னும் ஓட்டுகிறார். ஷோவுக்கு இல்லை, நிஜமாகவே ஓட்டுகிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அம்மாவை அதில் ஏற்காடு அழைத்துப் போவார். 20 கொண்டை ஊசி வளைவு. போன வருடம் ரேடியேட்டர் பல இடத்தில் கசிய ஆரம்பித்தது. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வளைவில் வண்டி நின்று ஆவி பறக்க, வெயிலில் அவரை உட்கார வைக்க முடியாது. "வேலை செய்யலைன்னா வித்துடலாம்னு இருக்கேன்டா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால்தான் நானும் தீவிரமாக இறங்கினேன்.

எல்லோரும் அவருக்குக் கொடுத்த யோசனை ஒன்றுதான்: நல்ல தடிமனான நாலு வரிசை ரேடியேட்டராகப் போடு. நான் ஒரு கேள்வி கேட்டேன். ஹீட் ஆவது ஏற்காடு மலை ஏறும்போதா, ஊருக்குள் ஐந்து ரோட்டில் நிற்கும்போதா? இரண்டு இடத்திலும் என்றார். இந்த விடை முக்கியம். ஏற்றத்தில் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, அதனால் ஃபேனும் பம்ப்பும் வேகமாகச் சுற்றுகின்றன. அங்கேயும் முள் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரிலேயே கோளாறு. நிற்கும்போது ஏறுவது காற்றுக் கோளாறு. இரண்டும் வேறு வேறு நோய். சாஃப்ட்வேரில் ஒரே எர்ரர் மெசேஜ் இரண்டு பக்கிலிருந்து வருவது போல.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் என்று துப்பாக்கி மாதிரி ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடானபின் ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்தோம். மேலிருந்து கீழே சீராகச் சூடு இறங்கவேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் கீழ்ப்பகுதி பூராவும் சில்லென்று இருந்தது. அங்கே தண்ணீரே போகவில்லை. பல வருடம் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருந்தன. அதாவது அந்த ரேடியேட்டரில் ஒரு பகுதி வெறும் எடை. அந்த இடத்தில் செம்போ அலுமினியமோ, எந்தச் சுத்தமான கோரை வைத்தாலும் வண்டி தேறியிருக்கும். அலுமினியத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி, அது 'புதுசு' என்பதற்குச் சேரவேண்டியது என்பது என் கருத்து.

பிறகு ஏன் அலுமினியம்? இங்கே உலோகக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு ராஜா: சுமார் 400 வாட்/மீட்டர்-கெல்வின். சுத்தமான அலுமினியம் சுமார் 235. அப்படியானால் செம்பு ரேடியேட்டர்தானே ஜெயிக்கவேண்டும்? ஆனால் 'செம்பு' ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாய் பித்தளை. அதன் கடத்தல் அலுமினியத்தில் பாதி. குழாயையும் செம்புத் தகட்டையும் இணைக்கும் ஈயக் கலவை அதைவிட மோசம். அதோடு மெல்லிய பித்தளைக் குழாயை ரொம்ப அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பிவிடும், அதனால் அரை அங்குல அளவில்தான் செய்தார்கள். அலுமினியக் குழாயை ஒரு அங்குல அகலத்துக்குச் செய்யலாம். அகலக் குழாய் இரண்டு வரிசை, குறுகிய குழாய் நாலு வரிசையின் வேலையைச் செய்துவிடும். எடையோ, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, செம்பு கிட்டத்தட்ட 9.

அலுமினிய ரேடியேட்டர் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1960-லேயே ஷெவர்லே கார்வெட்டின் சில மாடல்களில் ஹாரிசன் கம்பெனி அதைப் போட்டது. தடையாக இருந்தது அலுமினியத்தைப் பற்றவைப்பது. அதன் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும், அது ஒட்டவிடாது. அல்கான் கம்பெனி கொண்டுவந்த நோகோலோக் முறையில், அரிக்காத ஒரு ஃப்ளக்ஸைப் பூசி, நைட்ரஜன் நிரப்பிய உலையில் சுமார் 600 டிகிரியில் மொத்த ரேடியேட்டரையும் ஒரே தடவையில் பற்றவைத்து எடுக்கிறார்கள். 1980-களில் இது பரவியபின் செம்பும் பித்தளையும் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேற ஆரம்பித்தன.

600 டிகிரி என்பதைக் கவனியுங்கள். பற்றவைக்கும் ஈயக் கலவை அதில் பாதிச் சூட்டுக்கும் குறைவிலேயே உருகிவிடும். நம் ஊர்களில் ரேடியேட்டர் பட்டறை என்று ஒரு தொழில் இருந்ததற்குக் காரணமே அதுதான். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு புளோ லாம்ப், ஈயக் கம்பி, கொஞ்சம் ஆசிட். ரேடியேட்டரைத் தொட்டியில் முக்கிக் காற்றை ஊதி, குமிழி வரும் இடத்தைப் பார்த்துப் பற்றவைப்பார்கள். அடைத்திருந்தால் மேல் தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பியை விட்டுக் குடைவார்கள். அப்புறம் தொட்டியைத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். குடையவே முடியாத நிலை வந்தால் கோரை மட்டும் மாற்றிப் பழைய தொட்டிகளையே வைத்துத் தருவார்கள். இப்படி ஒரே ரேடியேட்டர் இரண்டு தலைமுறை ஓடும். அலுமினியக் கோரும் அதன் மேல் மடித்துப் பொருத்திய பிளாஸ்டிக் தொட்டியும் வந்தபின் இந்தக் கைவேலைக்கு இடமே இல்லை. கசிந்தால் தூக்கிப் போடு, புதுசு வாங்கு. சேலம் நண்பர் வழக்கமாகப் போகும் பட்டறையில் பெரியவர் ஓய்வெடுத்துவிட்டார். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தால், கோரை மாற்றிக் கட்டுங்கள் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அவர் இல்லாததால்தான் அலுமினியம்.

சரி, வாங்கிப் பொருத்தினால் முடிந்ததா என்றால், தலைவலி அங்கேதான் ஆரம்பம். முதலாவது அந்த நாலு வரிசை ஆசை. கோர் தடிமனாக ஆக, தகடுகள் நெருக்கமாக ஆக, காற்று உள்ளே புகுவது கஷ்டம். ஐடிலில் தூங்கும் பெல்ட் ஃபேனால் அதன் வழியாகக் காற்றை இழுக்கவே முடியாது. நெடுஞ்சாலையில் அபாரமாக இருக்கும் ரேடியேட்டர் ஐந்து ரோட்டில் பழையதைவிட மோசமாக நடந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் அகலக் குழாய் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொண்டோம். அதோடு ஃபேனைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூண்டு, அதாவது ஷ்ரவுட், அடித்து மாட்டினோம். அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்திலிருந்து மட்டும்தான் காற்றை இழுக்கும். பின்பக்கத்துச் சூடான காற்றையே ஓரத்தில் சுற்றி எடுத்துக்கொள்வதும் உண்டு.

எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். பிரிட்டிஷ் கார்களில் சகஜமான லூகாஸ் சி-40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் இன்ஜின் வேகமாக ஓடினால். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. நின்றுகொண்டிருக்கும்போதுதான் எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போதுதான் டைனமோ கைவிரிக்கும்! இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரி காலி. பல பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் வேறு. கவனிக்காமல் ஃபேனை இணைத்தால் அது எதிர்த்திசையில் சுற்றி, வருகிற காற்றைத் தள்ளிவிடும். ஆக எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் ஆல்டர்னேட்டர், ஆல்டர்னேட்டர் என்றால் வயரிங். ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணப் போய் மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் பண்ணின அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நண்பரின் வண்டியில் பெல்ட் ஃபேனையே விட்டுவிட்டோம்.

அடுத்து மூடி. புது ரேடியேட்டரோடு பெரும்பாலும் 13 அல்லது 15 பி.எஸ்.ஐ மூடி வரும். பி-சீரிஸ் இன்ஜினே இருந்த எம்.ஜி.ஏ காரில் மூடி வெறும் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், வாஸ்தவம். ஆனால் ஐம்பது வயது ஹோஸும், வாட்டர் பம்ப் சீலும் அந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டுமே. சங்கிலியில் பலவீனமான கண்ணி இப்போது ரேடியேட்டர் இல்லை, மற்ற எல்லாமும். காருக்கு என்ன மூடி சொல்லியிருக்கிறதோ அதையே போடவேண்டும். (மூடி பற்றி ஒரு இடைச்செருகல். 1990-களின் தொடக்கத்தில் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி உற்பத்தி வரிசையையே விலைக்கு வாங்கி, கழற்றிக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து நிறுவியது. அமெரிக்கக் கார்களுக்கு இங்கிருந்து மூடி போனது. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சாமானுக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹீட் ஆகும் வண்டியில் நம் மெக்கானிக்குகள் முதலில் செய்வது அதைக் கழற்றி எறிவதுதான். நண்பரின் வண்டியிலும் அது எப்போதோ போய்விட்டிருந்தது. அது இல்லாமல் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வருவதற்கே நேரம் பிடிக்கும், தேய்மானம் கூடும். ரேடியேட்டர் ஒழுங்காக இருந்தால் தெர்மோஸ்டாட் எதிரி இல்லை. புதிதாக ஒன்று போட்டோம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கோட்டைவிடும் இடம்: உள்ளே ஊற்றும் தண்ணீர். பித்தளை குழாய்த் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும்; உப்புப் படியும், ஆனால் ஓட்டை விழ வருடங்கள் ஆகும். வார்ப்பிரும்பு இன்ஜின், பித்தளை ஹீட்டர், அலுமினிய ரேடியேட்டர், நடுவே உப்புத் தண்ணீர் என்றால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. அதில் கரைந்து போகப் போவது அலுமினியம். காய்ச்சி வடித்த தண்ணீரும் அரிப்புத் தடுப்புள்ள கூலன்ட்டும் இங்கே கட்டாயம். ஏற்காட்டில் தண்ணீர் உறையாது என்பதற்காக கூலன்ட் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நமக்கு வேண்டியது அதிலுள்ள அரிப்புத் தடுப்பு. அதிலும் கரிம அமில வகையைத் தவிர்த்துப் பழைய சிலிக்கேட் வகையை எடுத்தோம், ஏனென்றால் கரிம அமில வகை பழைய ஈயப் பற்றவைப்பையும் ரப்பர் சீல்களையும் பதம் பார்ப்பதாகப் பிரிட்டனின் பழைய கார் சங்கங்கள் எச்சரித்திருக்கின்றன. ரேடியேட்டரை ரப்பர் புஷ் மேல் உட்காரவைத்து, எந்த எர்த் வயரும் அதில் தொடாமல் பார்த்துக்கொண்டோம். பின்பு மல்டிமீட்டரின் ஒரு முனையை கூலன்ட்டிலும் இன்னொன்றை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்துப் பார்க்கலாம். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

பாடியில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய போல்ட் துளைகளிலேயே மாட்டும்படி ஒரு சட்டம் அடித்து, அதில்தான் புதியது தொங்குகிறது. 'ஒரிஜினல்' கட்சிக்கு நான் கொடுக்கும் மரியாதை இவ்வளவுதான்: நாளைக்கு யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் ஒரு மத்தியானத்தில் முடியவேண்டும்.

வண்டி ஏற்காடு போய் வந்தது. அம்மா முன்சீட்டில். முள் நடுவிலேயே நின்றதாம். ஐந்து ரோட்டில் வெயில் நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது, ஆனால் சிவப்புக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

கழற்றிய பித்தளை ரேடியேட்டரை எடைக்குப் போட்டால் நல்ல காசு வரும் என்று மெக்கானிக் இரண்டு தடவை சொன்னார். செம்பு விலைக்காகவே இந்த மாதிரி ரேடியேட்டர்கள் ஊர் ஊராக உருகிப் போய்க்கொண்டிருக்கின்றன. தொட்டிகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, செத்தது கோர் மட்டும். நண்பர் அதைச் சாக்கில் சுற்றி, எந்த வண்டியினுடையது என்று எழுதிக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார். கோர் கட்டத் தெரிந்த ஆள் யாராவது ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம் இன்னும் வேலை செய்கிறாரா என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.